வேலுத்தாய் நின்ற இடம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டில் போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரி வெள்ளைத்துரை ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். எதற்கு வாங்கினார் என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. மலையில் அவருக்குக் காய் அனுப்புகிற நாற்பத்து மூன்று தோட்டங்களையும் இந்தப் பெட்டிக்குள் வைத்துவிடலாம் என்று மதுரையிலிருந்து வந்த விற்பனைக்காரன் சொன்னான். மலையையே பெட்டிக்குள் வைப்பதென்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

பெட்டிக்கு ஏசி வேண்டும் என்றார்கள். காய் பொறுக்கும் கூடத்தின் ஒரு மூலையில் கண்ணாடித் தடுப்பு வைத்து, ஏசி மாட்டி, 'செருப்பை வெளியே விடவும், காரணமில்லாமல் உள்ளே வரக்கூடாது' என்று எழுதி ஒட்டினார்கள். பிறகு உள்ளே பெட்டியையும், பெட்டியோடு சேர்த்து வேலுத்தாயையும் வைத்தார்கள்.

வேலுத்தாய்க்கு அப்போது வயது முப்பத்தேழு. மலைத் தோட்டத்துக் கூலிக்காரர் லயத்தில் பிறந்தவள். இருபது வயதில் இறங்கி வந்து போடியில் டைப் அடிக்கக் கற்றுக்கொண்டு வெள்ளைத்துரையிடம் வேலைக்குச் சேர்ந்தாள். எழுபத்தைந்தில் ஒரு ஜீப் டிரைவருக்கு வாழ்க்கைப்பட்டாள். அவன் அதே வருஷம் ஒருநாள் குமுளிப் பக்கம் லோடு ஏற்றிப் போனான். லோடு திரும்பி வந்தது, ஜீப்பும் வந்தது, வேறு டிரைவர் ஓட்டிக்கொண்டு வந்தான். போனவனுக்கு அங்கே வேறு குடும்பம் அமைந்துவிட்டதாகச் சொன்னார்கள். அவள் அழுது முடித்துவிட்டு மறுநாள் வேலைக்கு வந்தாள். பிள்ளை கிடையாது. அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

ஆனாலும் அந்தப் பதின்மூன்று வருஷமும் அவளைத் தனிமை அவ்வளவாகத் தீண்டவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். கூடத்தின் நடுவில் அவளுடைய டைப்ரைட்டர் இருந்தது. சுற்றிலும் முறத்தோடு பெண்கள் உட்கார்ந்து காய் பொறுக்குவார்கள். டைப்ரைட்டர் சத்தத்தை மீறிப் பேசவேண்டும் என்பதால் ஊர்க்கதை எல்லாம் அவள் காதில் கத்தித்தான் சொல்லப்பட்டது. பக்கத்து முறம் சுப்புத்தாயுடையது. யார் மகள் யாரோடு போனாள் என்பது போலீசுக்கு முன்னால் சுப்புத்தாய்க்குத் தெரியும், அடுத்த நிமிஷம் வேலுத்தாய்க்கும் தெரியும்.

கண்ணாடி வந்தபின் அதெல்லாம் நின்றுபோயிற்று. அந்தப் பக்கம் சுப்புத்தாய் வாய்விட்டுச் சிரிப்பது தெரியும், எதற்குச் சிரிக்கிறாள் என்பது தெரியாது. மத்தியானம் தூக்குவாளியோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால் பேச்சு சட்டென்று குறைந்துவிடும். முதலாளி அறைக்குப் பக்கத்து அறையில் இருப்பவளிடம் எதைச் சொல்வது, எதை விடுவது என்று அவர்களுக்குத் தயக்கம்.

"ஒனக்கென்னடி மகராசி, குளுகுளுன்னு இருக்க" என்பாள் சுப்புத்தாய். அதோடு பேச்சு முடிந்தது.

மதுரையில் பத்து நாள் பயிற்சி கொடுத்து அனுப்பியிருந்தார்கள். திரும்பி வந்து பெட்டியைத் திறந்தால், கறுப்புத் திரையில் சி என்ற இங்கிலீஷ் எழுத்து ஒன்று, பக்கத்தில் ஓர் அம்புக்குறி, அதற்குப் பக்கத்தில் கண் சிமிட்டும் ஒரு கோடு. அவ்வளவுதான். நோட்டில் எழுதி வந்ததைத் தட்டினாள். அப்படி ஒரு கட்டளையும் கிடையாது, அப்படி ஒரு பெயரும் கிடையாது என்று முகத்தில் அடித்தாற்போல் இங்கிலீஷில் பதில் வந்தது. மூன்று தரம் தட்டினாள், மூன்று தரமும் அதே பதில். பெட்டி கெட்டால் மட்டும் அதை விற்ற மதுரைக் கம்பெனிக்கு எக்ஸ்சேஞ்சில் சொல்லி டிரங்க் கால் போடலாம் என்பது முதலாளி உத்தரவு. போட்டாள். ஒரு மணி நேரம் கழித்து லைன் கிடைத்தது, பேச மூன்று நிமிஷம்தான்.

"கன்னையன் பேசுறேன். மேடம், மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. இப்ப நீங்க எங்க நிக்கிறீங்க?"

"நாற்காலில ஒக்காந்துருக்கேன் சார்."

அந்தப் பக்கம் மெதுவாகச் சிரித்தார். பெட்டிக்குள்ளே அறைக்குள் அறையாக இருக்கிறது, எந்த அறையில் நிற்கிறோமோ அந்த அறைக் காகிதம்தான் கைக்கு எட்டும், எந்த அறை என்று திரை தானாகச் சொல்லாது, சி, டி என்ற இரண்டு எழுத்தைத் தட்டிக் கேட்டால் சொல்லும் என்றார். தட்டினாள், சொன்னது. வேறு அறையில் நின்றுகொண்டு இங்கே இல்லாத காகிதத்தைக் கேட்டிருக்கிறாள்.

"ஒரு படி மேல வாங்க" என்றார். வேலுத்தாய் இன்னும் உள்ளே போனாள். போடிக்காரர்களுக்கு மேலே என்றால் மலை, மலை என்றால் ஊரைவிட்டு உள்ளே போவது, கீழே என்றால் ஊர் திரும்புவது. கம்ப்யூட்டர் செய்தவனுக்கு எல்லாம் தலைகீழ், வாசல்தான் அவனுக்கு உச்சி. கன்னையன் அதைப் புரிந்துகொண்டு, அன்றிலிருந்து "ஒரு படி வெளிய வாங்க" என்றே சொன்னார். அந்த மூன்று நிமிஷத்தில் அவளுக்காக ஒரு மனிதர் தன் பேச்சை மாற்றிக்கொண்டது அவளுக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

அப்புறம் வாரம் ஒரு கால். பிரிண்டர் பாதியில் நின்றது, பிளாப்பி நிறைந்துவிட்டது, அடித்த காகிதம் வேறு அறையில் போய் உட்கார்ந்துகொண்டது என்று எல்லாம் உண்மையான கோளாறுதான். ஒவ்வொரு முறையும் அவர் முதலில் கேட்பது, "இப்ப எங்க நிக்கிறீங்க?" வேலையை முடித்து அரை நிமிஷம் மிச்சமிருந்தால், "அங்க மழையா மேடம், எரைச்சல் கேக்குது" என்பார். எக்ஸ்சேஞ்சில் துண்டித்துவிடுவார்கள்.

மூன்றே மாதத்தில் வேலுத்தாய்க்கு எல்லாம் பிடிபட்டது. மழையில் ஊறிக் கரையான் தின்ற நோட்டுகளைப் பார்த்து, எந்தத் தோட்டத்தில் எந்த வருஷம் நட்டது, எவ்வளவு மழை, எத்தனை மூட்டை என்று 'மலை' என்ற அறையில் ஒவ்வொன்றாக ஏற்றினாள். 'ஏலம்' என்ற அறையில் அந்தந்த வாரத்து ஏலத்துக்குப் போகிற காய்ச் சாம்பிள் பட்டியல். ஏலம் முடிந்து வெள்ளிக்கிழமை கூடத்தில் சாம்பிள் தட்டுகளைக் கொட்டிக் காலி செய்வார்கள், அதேபோல் அவளும் ஏலம் அறையை ஒரே கட்டளையில் துடைத்துவிடுவாள். கோளாறு என்று ஒன்றுமே இல்லை. ஆனாலும் வாரம் ஒரு டிரங்க் கால் போயிற்று. தெரிந்ததையே தெரியாததுபோல் கேட்டாள். பொய் என்று அவளுக்கே கூசியது, ஆனாலும் விடமுடியவில்லை. நீ எங்கே நிற்கிறாய் என்று அவளை வேறு எந்த மனிதரும் கேட்டதில்லை. அந்தக் கேள்விக்காக அவள் ஏழு நாள் காத்திருந்தாள்.

ஆவணி மாதத்தில் கன்னையன் ஒரு வரி சொல்லிக்கொடுத்தார். "பொட்டி மொத மொதல்ல படிக்கிற பைல்ல இதைப் போட்டுருங்க மேடம். அப்புறம் எந்த ரூம்ல நிக்கிறீங்கன்னு தெரையிலயே எப்பவும் தெரியும். நான் கேக்கவே வேண்டியதில்ல."

வேலுத்தாய் அந்த வரியை நோட்டில் அழகாக எழுதி, அடியில் கோடும் போட்டாள். பெட்டியில் போடவில்லை.

ஆயுத பூஜை வந்தது. அன்று ஒருநாள் மட்டும் கண்ணாடி அறைக்குள் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். கூடத்துப் பெண்கள் அத்தனை பேரும் செருப்பை விட்டுவிட்டு, கை கால் கழுவி உள்ளே வந்தார்கள். சுப்புத்தாய் ஏசிக்கு நேரே நின்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அடியாத்தி, ஊட்டி மாதிரில்ல இருக்கு" என்றாள். பெட்டிக்குச் சந்தனம், பிரிண்டருக்குச் சந்தனம். நகல் எடுத்து வைத்திருந்த பத்து பிளாப்பிகளையும் வேலுத்தாய் உறையை விட்டு எடுத்து வரிசையாகப் பரப்பினாள். சதுரமான அந்தக் கறுப்புத் தட்டுகளில் ஓரிடத்தில் மட்டும் நீள்வட்டமாகத் திறந்து, உள்ளே பளபளப்பாகத் தெரியும். பொட்டு வைக்க அதைவிடத் தோதான இடம் எது? ஆளுக்கொரு பிளாப்பிக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார்கள். அன்று வேலுத்தாய் சிரித்ததுபோல் அந்த வருஷத்தில் வேறு நாள் சிரிக்கவில்லை.

கார்த்திகை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. தட்டுகள் காலியாகிற சத்தம் கண்ணாடி வழியே லேசாகக் கேட்டது. அவளும் தன் தட்டைக் காலி செய்தாள். நிச்சயம்தானா என்று பெட்டி வழக்கம்போல் கேட்டது, ஆமாம் என்று கை வழக்கம்போல் தட்டியது. வேலை முடிய வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் பிடித்தது. ஏலம் அறைக்கு இவ்வளவு நேரம் ஆகாது. சி, டி தட்டிக் கேட்டாள். அவள் நின்றுகொண்டிருந்தது மலையில்.

நாற்பத்து மூன்று தோட்டமும் போய்விட்டது. பழைய நோட்டுகளை முதலாளி எப்போதோ பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டார். நகல் பிளாப்பியைச் செருகினாள். உள்ளே கரகரவென்று அரைத்தது. விட்டுவிடவா, மறுபடி பார்க்கவா, கண்டுகொள்ளாமல் போகவா என்று மூன்று வழி கேட்டுத் திரை நின்றது. மறுபடி, மறுபடி என்று தட்டிக்கொண்டே இருந்தாள். பத்து பிளாப்பியிலும் குங்குமம் உள்ளே இறங்கியிருந்தது.

டிரங்க் கால் போட்டாள். இதைச் சரி செய்ய வேண்டுமானால் உண்மையைச் சொல்ல வேண்டும், உண்மையைச் சொன்னால் அந்தக் குரல் இனி கிடைக்காது. லைன் வரும்வரை அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், இப்ப எங்க நிக்கிறீங்க?"

"மலைல சார். ஏலத்துல நிக்கிறதா நெனச்சு எல்லாத்தையும் அழிச்சுட்டேன். நீங்க சொன்ன வரியை நான் போடவே இல்ல சார்."



"புதுசா எதையும் அடிக்காதீங்க, எதையும் தொடாதீங்க" என்றார். "நாளைக்கு வர்றேன்."

மறுநாள் மதுரை ரயிலில் வந்து இறங்கினார். குரலை வைத்து வேலுத்தாய் உயரமான ஆளாக நினைத்திருந்தாள். வந்தவர் குள்ளம், ஐம்பதை நெருங்கிய வயது, கையில் குடை, மூக்குக்கண்ணாடிக்கு நூல் கட்டியிருந்தது. குங்குமம் வைத்த பிளாப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். சிரிக்கவில்லை. கைக்குட்டையில் சுற்றி ஓரமாக வைத்தார்.

தான் கொண்டுவந்த ஒரு பிளாப்பியைச் செருகினார். அழித்த பெயர்கள் வரிசையாக வந்தன, ஒவ்வொன்றிலும் முதல் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறி.

"அழிச்சாலும் பொட்டி முழுசா மறக்காது மேடம். மொத எழுத்தை மட்டும்தான் மறக்கும். அதைத் தெரிஞ்சவங்க எடுத்துக் குடுத்தா மத்தது தானா வந்துரும்."

வேலுத்தாய் எடுத்துக்கொடுத்தாள். எந்தக் காகிதத்தையும் பார்க்கவில்லை. அவர் ஒன்றைக் காட்டுவதற்குள் அடுத்ததற்கும் எழுத்தைச் சொன்னாள். அவள் பிறந்த தோட்டமும் நடுவில் ஒன்றாக வந்து போயிற்று. நாற்பத்தொன்று திரும்பி வந்தது, இரண்டு சிதைந்திருந்தது. அந்த இரண்டையும் மறுபடி எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்று முதலாளி ஒத்துக்கொண்டார். அவர் பயந்த பயத்துக்கு அது லாபம்தான்.

முதலாளி வெளியே போனதும் கன்னையன் கேட்டார், "அந்த வரியை ஏன் மேடம் போடல?"

"போட்டுட்டா நீங்க கேக்க மாட்டீங்களே சார்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார். "ஒரே சந்தேகத்தை ஒரு ஆளு ஏழு தடவை கேக்க மாட்டாங்க. அதுவும் நாப்பத்து மூணுக்கும் எழுத்துத் தப்பாமச் சொல்ற ஆளு. நானும் ஏழு தடவையும் புதுசாச் சொல்ற மாதிரிதான் சொன்னேன். மதுரையில அந்த போன் ரூம்ல நானும் ஒத்தையாத்தான் ஒக்காந்துருக்கேன்."

வேலுத்தாய்க்கு அழுகை வந்தது. அழட்டும் என்று அவர் சற்றுநேரம் பிரிண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அடுத்த மாதம் தன்னை ஓசூருக்கு மாற்றிவிட்டார்கள் என்றும், போனை எடுக்க வேறு ஆள் வரும் என்றும் சொன்னார். சொல்லிக்கொண்டே அந்த வரியைத் தட்டிப் பெட்டியில் போட்டார்.

"இதுல என்ன வார்த்தை வேணும்னாலும் சேத்துக்கலாம். ஒங்க பேரைக் கூடப் போட்டுக்கலாம்." குடையை எடுத்துக்கொண்டு நாலு மணி பஸ்சுக்குப் போனார்.

தை மாதத்தில் ஒரு பிளாப்பி உண்மையாகவே கெட்டது. டிரங்க் கால் போட்டாள். புதுக் குரல் எடுத்தது. அது ஒன்றும் கேட்கவில்லை. "எந்த ரூம்னு ஸ்கிரீன்லயே இருக்கும், பாத்து வாசிங்க, வெரசா" என்றது. வாசித்தாள். ஒன்றரை நிமிஷத்தில் வேலை முடிந்தது. மீதி ஒன்றரை நிமிஷம் யாருக்கும் வேண்டாததாக இருந்தது.

அன்று சாயங்காலம், பெட்டி முதலில் படிக்கிற அந்தப் பைலை அவளே திறந்தாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல், எந்த நோட்டையும் பார்க்காமல், கன்னையன் போட்ட வரிக்குள் சில வார்த்தைகளைச் சேர்த்தாள். அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். சரியாக வந்தது.

மறுநாள் எதற்கோ உள்ளே வந்த முதலாளி, திரையில் இங்கிலீஷ் எழுத்தில் இருந்த தமிழை எழுத்துக்கூட்டி வாசித்தார். "எங்க நிக்கிறீங்க. யாரு ஆத்தா இப்பிடிக் கேக்குறது?"

"மிஷினுதான் மொதலாளி."

"பதில் சொல்லணுமா?"

"சொல்லணும்னு இல்ல."

அவர் போய்விட்டார். வேலுத்தாய் எதுவும் அடிக்காமல் வெறுமனே ஒரு பொத்தானைத் தட்டினாள். கீழே இன்னொரு முறை அதே கேள்வி வந்தது. மறுபடி தட்டினாள். திரை நிறைகிறவரை தட்டினாள்.

"இங்கதான் சார் நிக்கிறேன்" என்றாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முறத்தை வைத்துவிட்டு நிமிர்ந்த சுப்புத்தாய்க்கு அவள் வாய் அசைவது தெரிந்தது. என்ன சொல்கிறாள் என்பது கேட்கவில்லை.