சென்னை கேட்டது, மும்பை சொன்னது

கீழ்பென்னாத்தூருக்கும் திருவண்ணாமலைக்கும் இடையே வேன் ஓட்டும் ஆதிமூலத்தின் மகள் கவிநிலா. படிப்பை முடித்ததும் சென்னையில் ஓர் ஆம்புலன்ஸ் நிறுவனத்தில் போன் எடுக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். பல மாவட்டங்களின் தனியார் ஆம்புலன்ஸ்களை ஒரே செயலியில் இணைத்திருந்த நிறுவனம் அது. அவசரத்தில் இருப்பவர் செயலியைத் தட்டினால், பக்கத்தில் இருக்கும் வண்டியைத் தேடி அனுப்பும். தட்டியும் வண்டி வராதவர்கள் கவிநிலாவைக் கூப்பிடுவார்கள்.

ஒரு கோடை மத்தியானம் செயலி அப்படியே நின்றுவிட்டது. போனில் ஒரு பெண், கணவருக்கு மூச்சு முட்டுகிறது என்று கதறுகிறாள். வண்டி எங்கே இருக்கிறது என்று கவிநிலாவுக்கே தெரியவில்லை.

"லைன்லயே இருங்கம்மா, இருங்க" என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினார்கள், மனிதர் பிழைத்துக்கொண்டார். கவிநிலா அதோடு விடவில்லை. செயலி ஏன் நின்றது என்று மேல்மாடிக்கே போய்க் கணினிக் குழுவைக் கேட்டாள். குழுத் தலைவர் அறிவுச்செல்வன் சலித்துக்கொள்ளாமல் விளக்கினார். அவர் பேசி முடிப்பதற்குள், இந்தக் குழுவில்தான் இனி வேலை என்று அவள் மனதுக்குள் தீர்மானித்திருந்தாள். விடாமல் படித்துச் சேர்ந்தும்விட்டாள். பிறகு வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதும், திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்பக்கம் மாடி வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்தாள்.

அந்தச் செயலி ஒரே நிரல் இல்லை. வண்டி தேடுவது ஒன்று, ஓட்டுநர் விவரம் வைத்திருப்பது ஒன்று, குறுஞ்செய்தி அனுப்புவது ஒன்று என்று சின்னச் சின்ன நிரல்கள் பல. ஒவ்வொன்றும் கன்டெய்னர் என்கிற தன் தனி அறைக்குள் ஓடும். அவற்றையெல்லாம் சேர்த்துத் தாங்குகிற கணினிக் கூட்டத்துக்குக் கிளஸ்டர் என்று பெயர். சென்னையில் ஒரு கிளஸ்டர், மும்பையில் ஒரு கிளஸ்டர். ஒன்று விழுந்தால் மற்றது தாங்கட்டும் என்றுதான் இரண்டு வைத்தார்கள். ஆனால் ஒன்றுக்கு மற்றதன் முகமே தெரியாது. யாராவது உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றிவிட வேண்டும்; அதுவரை நோயாளி காத்திருக்க வேண்டும்.

இதற்கு வழி சர்வீஸ் மெஷ். ஒவ்வொரு நிரலின் பக்கத்திலும் ஒரு துணை நிரலை உட்கார வைப்பது. வருகிற பேச்சு, போகிற பேச்சு எல்லாம் அந்தத் துணையின் வழியாகத்தான். எதிரே இருப்பது யார் என்று அது சான்றிதழ் பார்க்கும். ஓரிடத்தில் பதில் வராவிட்டால் இன்னோரிடத்தில் கேட்கும். இரண்டு கிளஸ்டருக்கும் சேர்த்து இதைப் போடும் பொறுப்பைக் கவிநிலா கேட்டு வாங்கிக்கொண்டாள்.

வாங்கிய பிறகுதான் பட்டாள். தனித்தனியே இரண்டும் ஒழுங்காக ஓடின, சேர்த்தால் பேசவில்லை. சென்னை கூப்பிட்டால் மும்பை கதவைச் சாத்தியது. பாதையில் கோளாறோ என்று வாரக்கணக்கில் அதையே துருவினாள். கடைசியில் பார்த்தால் பாதை சரியாகத்தான் இருந்தது, நம்பிக்கைதான் இல்லை. சென்னையின் சான்றிதழ்களைச் சென்னையே தந்துகொண்டது, மும்பையினுடையதை மும்பையே. அடுத்தவர் முத்திரையை எப்படி ஏற்பார்கள்? இரண்டுக்கும் பொதுவாக ஒரு மூலச் சான்றிதழ் உண்டாக்கி, அதன் கீழ் இரண்டையும் கொண்டுவந்தாள்.

பிறகு சென்னையிலிருந்து, "நீ எந்த ஊர்?" என்று மட்டும் கேட்கிற சோதனை நிரலை ஓடவிட்டாள். பதில் இரண்டு ஊரில் எதிலிருந்தும் வரலாம். முதலில் சென்னை என்று வந்தது. மறுபடியும் சென்னை. அடுத்த வரியில் மும்பை.

நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டாள். அவள் போட்டதுதான், அவளுக்கே நம்ப முடியவில்லை. உடனே போன் போட்டாள்.

"அண்ணா, மும்பை பதில் சொல்லுதுண்ணா!"

"நெஜமாவா? இன்னொருவாட்டி கேளு" என்றார் அறிவுச்செல்வன். அவர் குரலும் குழந்தைக் குரலாகிவிட்டிருந்தது.

கார்த்திகை மாதம் சென்னையில் மழை கொட்டியது. வேங்கிக்காலிலும் தூறல், மலை மேகத்துக்குள் போயிருந்தது. சவாரி கம்மி என்று ஆதிமூலம் மகள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார். இலையில் ரசம் ஊற்றும்போது கவிநிலாவின் போன் அலறியது. சென்னைக் கணினி மையத்தில் பாதிப் பக்கம் மின்சாரம் போய்விட்டது. வண்டி தேடும் நிரல்கள், ஓட்டுநர் விவரம், எல்லாம் அணைந்துகொண்டிருந்தன.

ஓடிப்போய், நிரல்களின் பேச்சைக் கோடுகளாகக் காட்டும் திரையைப் பார்த்தாள். சென்னைக் கோடுகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. விசைப்பலகையில் கையை வைக்கப் போனவள் நிறுத்திக்கொண்டாள். மும்பைக்குப் போகும் மெல்லிய கோடுகள் தடித்துக்கொண்டிருந்தன. மழையில் தவித்தவர்களின் அழைப்புகள் சென்னையில் நுழைந்து, மும்பைக் கணினிகள் வழியே வண்டி தேடி, பதிலோடு திரும்பிக்கொண்டிருந்தன. அவள் ஓர் எழுத்துக்கூடத் தட்டவில்லை.

ஒன்று மட்டும் நகரவில்லை. மின்சாரம் இருந்த பக்கம் ஓடிய குறுஞ்செய்தி நிரலுக்குத் துணை வைக்க ஏற்பாடு செய்தபின், அதை மறுபடி தொடங்க மறந்திருந்தாள்; தொடங்கினால்தான் துணை சேரும். துணையில்லாத அது, சென்னையைத் தவிர வேறு ஊர் இருப்பதே தெரியாமல் முட்டிக்கொண்டு நின்றது. வண்டி கிளம்பியும் வீட்டாருக்குச் செய்தி போகவில்லை. கவிநிலா அதை நிறுத்தித் துணையோடு எழுப்பினாள். தேங்கிய செய்திகள் மடமடவென்று பாய்ந்தன.

சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு பின்னால் வந்து நின்ற ஆதிமூலம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தினி பேரையும் அந்தாண்ட யாரும்மா திருப்பி வுடுறாங்க?"

"யாருமில்லப்பா. அதுங்களே பேசிக்கினு போவுதுங்க."

"மெட்ராஸ்ல கூப்டவங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியாதுப்பா. வண்டி வந்துச்சுன்னுதான் தெரியும்."

அவர் ஈரக் கையைத் துடைக்கவும் மறந்து, நகரும் கோடுகளை அண்ணாந்து பார்ப்பவர்போல் பார்த்துக்கொண்டு நின்றார். கவிநிலாவும் பார்த்தாள். ஒவ்வொரு கோட்டின் முனையிலும் ஒரு வீடு, ஒரு வண்டி என்று நினைத்ததும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

சாயங்காலம் சென்னையில் மின்சாரம் வந்தது. வேலையும் தானாகவே அங்கே திரும்பியது. பொங்கலுக்குப் பிறகு ஐதராபாத்தில் மூன்றாவது கிளஸ்டர் வைத்தார்கள். சேர்த்துக் கொடுத்தவள் கவிநிலாதான். சோதனை நிரலை ஓடவிட்டுவிட்டு, மடியில் கை கோத்து உட்கார்ந்து, அந்த மூன்றாவது ஊரின் பெயர் திரையில் வருவதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். வந்தது.