வியாழக்கிழமைப் பிடியரிசி

‘14-6-1979, வியாழன். டிரம் காலி. ஒரு வீட்டிலும் அரிசி தரவில்லை.’ குறிப்பேட்டில் என் கையெழுத்து. கீழே காரணம் எழுத இரண்டு வரி இடம் விட்டிருக்கிறேன். அன்று காரணம் தெரியாது.

கல்கத்தாவில் அலுவலக நேரம் போக, ஒரு சிறு தன்னார்வக் குழுவில் கல்லூரி மாணவர்கள் தீட்டும் வறுமை ஒழிப்புத் திட்டங்களுக்கு வழிகாட்டியாக இருந்தேன். ஒவ்வொரு திட்டத்தையும் வெவ்வேறு மொழி பேசும் இருவர் சேர்ந்து தீட்ட வேண்டும் என்பது குழுவின் விதி. என்னிடம் வந்தவர்கள் பவானிபூரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண் ஒருத்தியும் பாலிகஞ்ச் வங்காளி இளைஞன் ஒருவனும். ரயில் பாதையோரக் குடிசைப் பெண்கள் வீட்டுவேலைக்குப் போகிறவர்கள். அடைமழையில் நாலு நாள் வேலை நின்றால் அடுப்பு எரியாது. சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்து, வாரம் ஒருமுறை பொது டிரம்மில் சேர்த்து, மழையில் சமாளிக்க முடியாத வீட்டுக்குக் கொடுப்பது என்று இருவரும் திட்டமிட்டார்கள். பெண்களும் ஒத்துக்கொண்டார்கள்.

நாளைக் குறித்தவன் நான். வெள்ளிக்கிழமை வீட்டு அரிசி வெளியே போகக் கூடாது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அதைத் தவிர்த்து வியாழன் என்றேன். பிறர் வழக்கத்தை மதிப்பதைப் பற்றிச் சிறிது நேரம் பேசவும் செய்தேன்.

சனிக்கிழமை அந்தப் பெண் அறிக்கையோடு வந்தாள். அது குழுவுக்குப் போனால் திட்டத்தை மூடிவிடுவார்கள். மழையோ தொடங்கிவிட்டது.

“மக்களுக்கு ஆர்வமில்லைன்னு எழுதியிருக்கேன் மாமா. போன வாரம் தலையாட்டினாங்க, இந்த வாரம் கதவைச் சாத்தறாங்க.”

“ஏன்னு ஒருத்தரையாவது கேட்டியா?”

“நீங்க கேட்டீங்களா?”

கேட்கவில்லை. மூவரும் போனோம். குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பெண்ணிடம் மாணவி வங்காள மொழியில் கேட்டாள்.

“வியாழக்கிழமை லொக்கிபார், லட்சுமி நாள் இல்லையா, திதிமணி? வீட்டு லட்சுமியை யாராவது அன்னிக்கு டிரம்முல கொட்டுவாங்களா? இந்த பாபு மதராஸி, போகட்டும். இவன் நம்ம பையன்தானே?”

“எங்க வீட்ல பூஜையே கிடையாது, மாஷி. அப்பா கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்” என்றான் இளைஞன்.

“உங்க வீட்ல அரிசிப் பானையை அப்பாவா திறக்கறார்?”

எங்கள் வெள்ளிக்கிழமை அங்கே வியாழக்கிழமையாக இருக்கும் என்று எனக்கும் தோன்றியதில்லை. என் வீட்டு வழக்கத்தையே எல்லோர் வழக்கமாகவும் வைத்துக்கொண்டு, அதற்கு மதிப்பு என்று பெயர் சூட்டியிருந்தேன்.

அறிக்கையை அவள் மடித்துப் பைக்குள் வைத்தாள். எந்த நாள் என்று இந்த முறை நாங்கள் சொல்லவில்லை. குழாயடியில் அரைமணி நேரம் வாதாடி அவர்களே ஞாயிறு என்று முடிவு செய்தார்கள். அடுத்த ஞாயிறு புழுங்கலும் ரேஷன் அரிசியும் கல்லுமாகக் கலந்து, டிரம்மின் அடி மறைந்தது.

ஜூலை அடைமழையில் டிரம்மைத் திறந்தார்கள். நான் அப்போது ஊரில் இல்லை. முதலில் வாங்கியது குழாயடிப் பெண்தான் என்றான் அவன். காலொடிந்த கொத்தனாரின் மனைவி என்றாள் அவள். இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். எது சரி என்று இன்றுவரை உறுதி செய்ய முடியவில்லை.