வராத விருந்தாளியின் சோறு

சர்புன்னிசாவின் நெற்றி தரையைத் தொட்டு வெகுநாளாகிவிட்டது. முழங்கால் மடங்க மறுத்தது. முக்காலியில் உட்கார்ந்துதான் தொழுதாள். நெற்றி வைக்கிற சஜ்தா வரும்போது தலையை மட்டும் குனிந்துகொண்டாள். முடியாதவர்களுக்கு அல்லாஹ் தந்த சலுகை அது என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் நாத்தனார் ஜொஹரா பீவி பக்கத்தில் பாயில் நெற்றி பதித்திருக்கும்போது, தான் மட்டும் உயரத்தில் உட்கார்ந்திருப்பது என்னவோ போலிருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றாம் வருஷம், கணவர் காசிம் அவளைக் காட்டுமன்னார்கோயிலில் பஸ் ஏற்றிச் சிதம்பரத்தில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனார்.

"முட்டியில கோளாறு கொஞ்சந்தாம்மா. அது சொமக்கற பாரந்தான் ஜாஸ்தி. எடையக் கொறைங்க" என்றார் டாக்டரம்மா.

எடை குறைக்க வழியா தெரியாது? திங்களும் வியாழனும் நபிவழிப்படி சுன்னத்தான நோன்பு பிடிக்க ஆரம்பித்தாள். நன்மைக்கு நன்மையும் ஆச்சு, உடம்புக்கும் ஆச்சு. பகலெல்லாம் பச்சைத் தண்ணீர்கூட இல்லை. பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் கஞ்சி, வடை, அப்புறம் சோறு. முதலில் வளையல் கொஞ்சம் தளர்ந்தது. பிறகு முன்னைவிட இறுகிப்போனது. ஒரு நாள் மத்தியானம் கிணற்றடியில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டாள்.

காசிம் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிவந்தார். "ஏம்புள்ள, நோன்ப அல்லாவுக்காக வைக்கிறியா, வளையலுக்காக வைக்கிறியா?"

விளையாட்டாகத்தான் கேட்டார். அவளுக்குச் சுருக்கென்றது.

மறுபடியும் டாக்டரிடம் போனார்கள். என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார்.

"காலையில இட்லி. மத்தியானம் எல்லாருக்கும் போட்டுட்டுக் கொஞ்சோண்டு சோறு. அவ்ளோதாங்க."

காசிம் கூரையைப் பார்த்து இருமினார்.

"என்ன பாய், இருமல்?"

"ஒண்ணுமில்லீங்க டாக்டர். எங்க வூட்டுச் சோத்துச் சட்டி கழுவாமலே பளிச்சுன்னு இருக்கும். அத நெனச்சேன்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் சர்புன்னிசா முகத்தை ஜன்னல் பக்கமே வைத்துக்கொண்டாள்.

மறுநாள் உலைக்கு அரிசி எடுக்கும்போதுதான் தன் கையைத் தானே பார்த்தாள். ஆழாக்கால் அளந்து போட்டபின், அந்தக் கை பாட்டுக்கு இன்னொரு தரம் சாக்குக்குள் போயிற்று. வருகிறவர்களுக்கு ஒரு பிடி. எந்த நேரத்தில் யார் வந்தாலும் அவர்களுக்கும் சோறு இருக்க வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். ஆனால் முக்கால்வாசி நாள் யாரும் வருவதில்லை. வீட்டுப் பிள்ளைகளும் தட்டில் பாதியை வைத்துவிட்டு ஓடிவிடும். எந்தப் பருக்கையில் அல்லாஹ்வின் பரக்கத் இருக்கிறதோ, எறியலாமா? எல்லாரும் எழுந்தபின் தட்டில் கிடந்ததையும் சட்டியின் அடியையும் மிச்சக் குழம்பில் பிசைந்து அவள்தான் முடிப்பாள். அதைச் சாப்பாடு என்று அவள் நினைத்ததே இல்லை. பாத்திரம் கழுவுகிற மாதிரி அதுவும் ஒரு வேலை.

அந்தப் பிடியை நிறுத்திவிடலாமா? விருந்தாளி முகத்தில் கதவைச் சாத்துவது போலிருந்தது. அரிசியைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அதை உலையில் போடாமல் ஒரு கலயத்தில் போட்டு மூடினாள். யாராவது வந்தால் பொங்கிக்கொள்ளலாம். வராவிட்டால் வெள்ளிக்கிழமை இல்லாதவர்களுக்குப் போகட்டும். பிள்ளைகள் தட்டிலும் முதலில் கொஞ்சமாகப் போட்டு, கேட்டால் மறுபடி போட்டாள்.

ஜொஹராவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அரிசியப் பொத்தி வெச்சிட்டீங்களே மதினி, எம் மாமியா திடீர்னு வந்து நின்னா?"

"வரட்டும். அவுங்க குசலம் விசாரிச்சு முடிக்கறதுக்குள்ள ஒரு மூட்டையே வேகும், போ!"

அதற்கப்புறம் பட்டினி கிடக்கவில்லை. எல்லாரோடும் உட்கார்ந்து தன் தட்டிலேயே சாப்பிட்டாள். சோறு குறைந்த இடத்தில் கீரையும் ஏரி மீன் குழம்பும் வந்தன. தேத்தண்ணியில் சீனியைக் கைவிடுவதுதான் பெரும்பாடாக இருந்தது. சாயங்காலம் அசர் தொழுததும் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, ஜொஹராவோடு சுற்று வழியாக நடந்து வந்தாள். முதலில் தெருக்கோடிவரை, பிறகு இன்னும் கொஞ்ச தூரம்.

நடுவில் லால்பேட்டையில் ஒரு கல்யாணம். ஒரே சஹன் தட்டைச் சுற்றி நாலு பெண்கள் உட்கார்ந்தால் யார் எவ்வளவு தின்றார்கள் என்று யாருக்குத் தெரியும்? கறித்துண்டுகளை ஆளாளுக்கு அவள் பக்கம் தள்ளினார்கள். அவளும் திருப்தியாகவே சாப்பிட்டாள். மறுநாள் காலையில் ஒன்றும் வேண்டாம் என்று படுத்துக்கொண்டாள்.

"நேத்துத் தின்னதுக்கு இன்னிக்கு வயித்துக்குத் தண்டனையா? எழுந்து வாங்க, இட்லி ஆறுது" என்றாள் ஜொஹரா.

எழுந்து போய், வழக்கமான அளவே சாப்பிட்டாள்.

மாதக்கணக்கில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு ரவிக்கை தொளதொளத்தது. படி இறங்கும்போது சுவரைப் பிடிப்பது குறைந்தது. மறு வருஷ ரமலான் வந்து போயிற்று. போன எடை திரும்பவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து ஒரு நாள், அசர் நேரம். முக்காலியைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, சர்புன்னிசா பாயில் நின்று தக்பீர் கட்டினாள். சஜ்தாவுக்குப் போகையில் முட்டி மளுக்கென்றது. ஒரு கையைத் தரையில் ஊன்றி மெல்ல மெல்ல இறங்கினாள். கோரைப் பாயின் சொரசொரப்பு நெற்றியில் பட்டது. பாயின் வாசனையே அவளுக்கு மறந்து போயிருந்தது. அப்படியே கிடந்தாள்.

உள்ளே வந்த ஜொஹரா பதறிப்போனாள். "யா அல்லா! மதினி, எழுந்திரிக்க முடியலியா? அண்ணனக் கூப்புடவா?"

சர்புன்னிசா மெதுவாக நிமிர்ந்தாள், மறுபடி குனிந்தாள். முக்காலியைப் பிடித்து எழுந்து, மிச்சத்தையும் நிதானமாகத் தொழுது, ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தாள். அப்புறம்தான் திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"எழுந்திரிக்க முடிஞ்சிது ஜொஹரா. மனசுதான் வரல."