சுப்புராயன் வாய் திறக்காத காலை

கடலூர் நீதிமன்றத்தில் சுப்புராயன் டவாலி. வழக்குக்கு வந்தவர்களின் பெயரை வராந்தாவில் நின்று கூவிக் கூப்பிடுவது அவர் வேலை. தெருவுக்கு எதிர்ப்பக்கம் டீ குடிப்பவர்கள்கூட அவர் குரல் கேட்டுத்தான் கிளாஸை வைத்துவிட்டு ஓடிவருவார்கள். கூவிக் கூவி, ரகசியம் பேசும் பழக்கமே அவருக்கு விட்டுப்போயிருந்தது. கல்யாணப் பந்தியில் மனைவி கயல்விழியின் காதோரம் குனிந்து சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்பார். சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்து நிற்பார்.

இந்த மனிதரைத்தான் பொங்கல் கழிந்த வாரம் இளவரசு பறவைக் கணக்கெடுப்புக்கு அழைத்துப் போனான். இளவரசு கயல்விழியின் தம்பி. சிதம்பரத்தில் செல்போன் கடை வைத்திருந்தாலும் நினைப்பெல்லாம் பறவைமேல்தான். பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டைத் தாண்டி, கடலை ஒட்டி ஆளில்லாத மணல் திட்டுகள் உண்டு. பனிக்காலத்தில் அங்கே வந்து தங்கும் பறவைகளை வனத்துறை வருஷா வருஷம் ஆர்வலர்களை வைத்து எண்ணும். படகுக்கு இரண்டு பேர் என்பது விதி. இளவரசுக்குத் துணையாக வரவேண்டியவன் காய்ச்சலில் படுத்துவிட்டான்.

"சும்மா ஒக்காந்து வந்தா போதும் மாமா" என்றான் இளவரசு.

சும்மா உட்கார சுப்புராயனால் முடிந்தது. விடியும் நேரத்தில் படகுக்காரர் பச்சமுத்து திட்டை நெருங்கியபோது, மணலே தெரியாமல் பூநாரைகள் நின்றிருந்தன. சுப்புராயன் சொக்கிப்போய், "எவ்ளோ அழகா இருக்குது மச்சான்" என்றார். மொத்தக் கூட்டமும் எழும்பி அடுத்த திட்டில் போய் இறங்கியது.

அந்தத் திட்டு கல்லூரி ஆசிரியை சந்திரலேகாவின் பொறுப்பு. அவர் எண்ணி முடித்துவிட்டு இளவரசுக்கே போன் போட்டு, இந்த வருஷம் அமோகம் என்றார். இளவரசுக்கு வயிறு எரிந்தது. படகை அந்தத் திட்டின் மறுபக்கம் சுற்றிவரச் சொல்லி, கோர்ட்டில் கூப்பிடுகிற மாதிரி ஒருதடவை கூப்பிடுங்கள் என்று மாமாவைக் கேட்டுக்கொண்டான். யாரை என்றார் சுப்புராயன். யாரையாவது என்றான். அவர் எழுந்து நின்று, வாய்தாவுக்கு வாய்தா வராமல் டிமிக்கி கொடுக்கும் ஒரு திட்டக்குடிக்காரரை ஊர்ப்பெயரோடு சேர்த்துக் கூவினார். பூநாரைகள் பழைய திட்டுக்கே திரும்பின. இளவரசு ஆற அமர எண்ணினான்.

மாலையில் கரையில் கணக்கைப் பார்த்த வன அலுவலர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். இரண்டு திட்டிலும் அச்சாக ஒரே அளவு பூநாரை. யாரும் கேட்பதற்கு முன்பே சுப்புராயன் சாட்சி சொல்லிவிட்டார். "ரெண்டும் ஒரே கூட்டந்தாங்க. நாந்தான் வெரட்டுனேன்."

மறுநாள் இரண்டு படகும் சேர்ந்து போய் எண்ணவேண்டும் என்று முடிவானது. சுப்புராயனைக் கரையிலேயே விட்டுவிடலாம் என்றார் சந்திரலேகா. விதி இடம் கொடுக்கவில்லை. எண்ணி முடிக்கும்வரை என்ன ஆனாலும் வாய் திறக்க மாட்டேன் என்று சுப்புராயன் வாக்குக் கொடுத்தார்.

காலையில் வாயைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு படகின் முன்பக்கம் உட்கார்ந்தார். துடுப்புச் சத்தம் வேண்டாமென்று பச்சமுத்து தண்ணீரில் இறங்கிப் பின்னாலிருந்து தள்ளினார். இளவரசு குறுக்குப் பலகைமேல் நின்று பைனாகுலரைக் கண்ணில் வைத்தான். பறவைகள் அசையவில்லை.

சுப்புராயனின் பாதத்தில் ஜில்லென்று பட்டது. முந்தின நாள் அவசரமாகச் சுற்றியதில் எங்கோ அடிப்பலகை உரசியிருக்க வேண்டும். தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. இளவரசின் சட்டையை இழுத்துக் கீழே காட்டினார். கீழே இருப்பதை அப்புறம் எண்ணிக்கொள்ளலாம் என்று அவன் கிசுகிசுத்தான். சற்றுத் தள்ளியிருந்த படகில் நின்ற சந்திரலேகாவைப் பார்த்து, சுப்புராயன் இரண்டு கையாலும் முங்குவதுபோல் செய்துகாட்டினார். தண்ணீரில் முங்கி எழும் முக்குளிப்பான் குருவியைச் சொல்கிறார் என்று நினைத்த சந்திரலேகா, நன்றியோடு தலையாட்டிவிட்டு ஒன்றைக் குறித்துக்கொண்டார். படகு ஏன் இப்படிக் கனக்கிறது என்று புரியாத பச்சமுத்து, சேறுதான் பிடிக்கிறது என்று இன்னும் பலமாகத் தள்ளினார்.

சுப்புராயன் துண்டைத் தொட்டார். எதிரே பூநாரைகள் ஒற்றைக்காலில் தூங்கிக்கொண்டிருந்தன. கையை எடுத்துவிட்டு, செல்போனைத் தலைமேல் வைத்துக்கொண்டார்.

படகு துளிச் சத்தமில்லாமல் மூழ்கித் தரையில் உட்கார்ந்தது. இடுப்பளவு ஆழந்தான். முழங்கால்வரை நனைந்த இளவரசு கடைசிப் பறவையை எண்ணிவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினான்.

சுப்புராயன் துண்டை அவிழ்த்தார். "படகு முழுவிப்போச்சு மச்சான்."

வானம் முழுக்க ரோஜா நிறச் சிறகு. நடுத்தண்ணீரில் நின்றபடி மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

பூநாரைக் கணக்கு இரண்டு படகிலும் ஒன்றாகவே இருந்தது. வனத்துறை அப்படியே ஏற்றுக்கொண்டது. கூடவே ஒரு முக்குளிப்பானும் சேர்ந்துகொண்டது. அது தான்தான் என்று சொல்ல சுப்புராயனுக்குக் கூச்சமாக இருந்தது.