அரை மைல் தூரத்து விமானங்கள்

எங்கள் வீட்டு பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே போர் விமானங்கள் இருந்தன. கையில் அடங்குகிற பொம்மைகள், கன்னங்கரேல் என்று. உலகப்போர் சமயத்தில் வானத்தைப் பார்த்துக் காவல் இருந்தவர்களுக்கு, வருகிற விமானம் நம்முடையதா எதிரியுடையதா என்று அடையாளம் காணப் பழக்குவதற்காகச் செய்தவை. முதலில் பள்ளிப் பிள்ளைகளை விட்டு மரத்தில் செதுக்கச் சொன்னார்களாம். பிறகு பிளாஸ்டிக்கில் வார்த்தார்கள். உயரத்தில் பறக்கும்போது நிறம் தெரியாது, உருவம் மட்டும்தான் தெரியும் என்பதால் எல்லாமே கறுப்பு. முப்பத்தைந்து அடி தள்ளி நின்று பார்த்தால், அரை மைலுக்கு அப்பால் பறக்கிற நிஜ விமானத்தின் அளவில் தெரியும்.

ஃபேன் ரெகுலேட்டர் தேடி அரியமங்கலத்தில் ஒரு பழைய சாமான் கடைக்குப் போனவன், ஒரு விமானத்தோடு திரும்பினேன். அப்போது பிடித்த பைத்தியம். திருச்சி வெயிலுக்கு அவற்றின் இறக்கைகள் வளைந்துவிடும். வீட்டிலேயே குளுமையான இடம் புடவை பீரோதான். ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு என் மனைவி ஒரு தட்டை ஒழித்துக் கொடுத்தாள்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் ஃபிளாட்டின் பொது நடை, லிஃப்டிலிருந்து கடைசி வீடு வரை, அந்த முப்பத்தைந்து அடிக்குச் சரியாக இருந்தது. சாயங்காலம் கோயிலுக்குப் போய்விட்டு வந்ததும் அவள் அந்தக் கோடியில் நின்று ஒன்றைத் தூக்கிப் பிடிப்பாள். நான் இந்தக் கோடியிலிருந்து பெயரைச் சொல்வேன். விமானத்தின் வயிற்றில் பெயர் பொறித்திருக்கும். அதைத் திருப்பிப் படித்துவிட்டு, "சரிதாங்க" என்பாள். கண் டாக்டர் ஆபரேஷன் என்று பேச்செடுத்தபோதுகூட, "எனக்கு அரை மைல் தெரியும் டாக்டர்" என்று ஜம்பமாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆயுத பூஜைக்கு மட்டும் சண்டை வரும். ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்துவிடுவாள். கறுப்பில் பொட்டு வைத்தால் பயிற்சியே போச்சு.

"எதிரி பிளேனுக்கெல்லாம் எதுக்குப் பொட்டு?"

"ஆயுதம்னா ஆயுதந்தானே? எதிரின்னு அதுக்குத் தெரியுமா?"

போன தை மாதம் அவள் போய்விட்டாள். அதன்பிறகு தனியாக விளையாடிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தால், இன்னதென்று விரல் சொல்லிவிடுகிறது. கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால், கட்டியவனும் நானே. எதிர்வீட்டுக்காரரைக் கேட்டேன். "எவ்வளவு நேரம் ஆகும் சார்?" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு பொம்மையைத் தூக்கிப் பிடிக்க ஆள் இல்லாத வீடு எனக்குத் தாங்கவில்லை.

புனேயிலிருந்து மகள், "எல்லாத்தையும் குடுத்துட்டு இங்க வந்துடுங்கப்பா" என்று தினமும் சொன்னாள். கடைசியில் சென்னையிலிருந்து இதே பைத்தியம் பிடித்த ஒருவர் வாங்கிக்கொள்ள வந்தார். நல்ல மனிதர். பேரம் பேசுவதற்கு முன்னால், "ஒரே ஒரு தடவை நடையில நின்னு தூக்கிக் காட்டுங்க" என்று கேட்டேன். அவர் சந்தோஷமாக அந்தக் கோடிக்குப் போனார்.

"ஹரிக்கேன்" என்றேன்.

திருப்பிப் படித்தார். "இல்ல சார், ஸ்பிட்ஃபயர்."

அடுத்ததும் தப்பு. அதற்கடுத்ததும் தப்பு. "வெளிச்சம் பத்தல போலிருக்கு சார்" என்றார் மரியாதைக்கு. காலை வெயில் நடை முழுக்கக் கொட்டிக் கிடந்தது.

என் கண் நேற்று கெட்டுப்போனது இல்லை. டாக்டர் சொல்லியே வருடங்கள் ஆகின்றன. அத்தனை வருடமும் அவள் திருப்பிப் படித்தாள். ஒருநாள்கூட "இல்லைங்க" என்று சொன்னதில்லை.

லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் பதறிப்போய் ஓடி வந்தார்.

"மனசு வரலேன்னா விடுங்க சார், இன்னொரு நாள் வரேன்."

"இல்லைங்க, எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போங்க" என்றேன். "இனிமே எனக்குச் சரின்னு சொல்ல யாரும் இல்ல."