ஏசுஅடிமையின் சிப்பிகள்

பாதி வெட்டிய கிணற்றுக்குள் மண்வெட்டியை நட்டு வைத்துவிட்டு, காலடி மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைக்கிறார் ஏசுஅடிமை. துப்புகிறார். "உப்பு இல்ல. இன்னும் ஒரு ஆளு எறங்கினா நல்ல தண்ணி" என்கிறார், கரையில் நிற்கும் என்னிடம்.

ஆழத்தை அவர் அடிக்கணக்கில் சொல்வதில்லை. இரண்டு ஆள், மூன்று ஆள் ஒரு முழம் என்பார். பாறை குறுக்கிட்டால் திட்டமாட்டார். "கொஞ்சம் இளகிக் குடு மக்கா" என்று கெஞ்சுவார். கொட்டாரம் ஊரைச் சுற்றி அவர் வெட்டிய கிணறுகள் எழுபதுக்கு மேல். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டு, சபையில் வேதபாடம் வாசிப்பவரும் அவரே. நகக்கண் செம்மண் மட்டும் அன்றைக்கும் போகாது.

நான்கு வருஷத்துக்கு முன், கடலிலிருந்து மூன்று மைல் உள்ளே வெட்டிய கிணற்றில், ஐந்தாள் ஆழத்தில் கடல் சிப்பிகள் கிடந்தன. மடி நிறைய அள்ளிக்கொண்டு மேலே ஏறினார். கடல் இங்கே எப்படி வந்தது? அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நோவா காலத்து வெள்ளம். அந்த ஞாயிறு சபையில் ஒரு சிப்பியைத் தூக்கிப் பிடித்துச் சாட்சி சொன்னவர், பாதியில் அழுதுவிட்டார். மகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து, சபையை வெறுத்திருந்த தச்சர் ரசலையன், மனைவியைக் கொண்டுவிட வந்து அன்று வாசலில் நின்றார். மறுவாரம் முதல் அவரும் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

போன வருஷம் திருவனந்தபுரத்திலிருந்து, பாறைகளை ஆராயும் சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒருவர் வந்தார். பக்கத்துத் தோப்பில் புதிதாக வெட்டிக்கொண்டிருந்த குழியில் ஏசுஅடிமையோடு இறங்கி, சுவரைத் தொட்டுக் காட்டினார். குஞ்சுச் சிப்பி, வளர்ந்த சிப்பி, மேலே வண்டல், மறுபடியும் குஞ்சு. ஒரு வருஷத்து வெள்ளம் இப்படி அடுக்காது, பல்லாயிரம் வருஷம் கடல் இங்கே கிடந்திருக்கிறது என்றார்.

"அவரு சொன்னது சரிதான் சாரே. வெட்டுனவன் நானுல்லா? அடுக்கடுக்காத்தான் கெடந்துது. பாத்தத பாக்கல்லன்னு எப்பிடிச் சொல்ல?" என்கிறார் ஏசுஅடிமை என்னிடம்.

மூன்று மாதம் அவர் வேதபாடம் வாசிக்கவில்லை. தொண்டை கட்டியிருக்கிறது என்று போதகரிடம் சொன்னார். மனைவி லீமா அதை நம்பவில்லை. "பாறகிட்டப் பேசத் தொண்ட இருக்கு, வேதம் வாசிக்க இல்லியா?" என்று கேட்டு, ஆதியாகமத்தைத் திறந்து அவர் மடியில் வைத்தாள். "என்னத்துக்குப் பயப்படுதிய? வாசியுங்க, நான் கேக்கேன்."

முதல் அதிகாரத்தை வாசித்தார். சூரியன் நாலாம் நாளில் உண்டாகும் இடத்தில் குரல் நின்றுவிட்டது. அப்படியானால் முந்திய மூன்று நாளும் எது உதித்து, எது அடைந்தது?

"முப்பது வருசமா வாசிக்கேன், அப்பத்தான் கண்ணுல பட்டுது. கர்த்தருக்க நாள நான் எனக்க சூரியன வச்சு அளந்திருக்கேன், பாத்துக்கிடும். அன்னைக்குத்தான் வயிறு நெறயக் கஞ்சி குடிச்சேன்."

ஆனாலும் சொன்ன சாட்சி சொன்னதுதானே. மறுநாளே ரசலையனின் பட்டறைக்குப் போய், "அந்தச் சிப்பி நோவா காலத்து உள்ளதில்ல. அறியாம சொல்லிப்போட்டேன்" என்றார். உம்மால் என் நம்பிக்கை போய்விட்டதே என்று ரசலையன் எழுந்து அடிப்பாரோ, அழுவாரோ என்று தெரியாமல் நின்றார்.

ரசலையன் இழைப்புளியை நிறுத்தவில்லை. "சிப்பிய யாரு வேய் கண்டா? வாசல்ல நின்ன எனக்கு அது தெரியக்கூட இல்ல. நீரு அழுதது தெரிஞ்சுது. அதுக்குத்தான் வந்தேன்."

"வழி நெடுகச் சிரிச்சிட்டே வந்தேன். பாத்தவனெல்லாம் நான் கள்ளு குடிச்சிருக்கேன்னு நெனச்சிருப்பான்" என்கிறார் ஏசுஅடிமை.

அடுத்த ஞாயிறு சபை முன் தன் தவறைச் சொன்னார். இரண்டு மூப்பர்கள் முகம் சுளித்தார்கள். போதகர் வேதபுத்தகத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

இன்று கஞ்சி குடிக்க மேலே வந்து, பனைநிழலில் ஒரு கல்லில் உட்கார்ந்திருக்கிறார். "நாளைக்கு இன்னொரு உத்தியோகஸ்தர் வந்து, அந்தக் கணக்கும் தப்பு என்றால்?" என்று கேட்டேன்.

"அவரும் வரட்டும்" என்றார் ஏசுஅடிமை. கல்லின் ஓரத்துக்குத் தள்ளி உட்கார்ந்தார். தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை எடுத்து, பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு மண்ணைத் தட்டிவிட்டார்.