தேவராஜ் செய்த மூன்றாம் பெட்டி

இன்று 2001 செப்டம்பர் ஒன்பது. எனக்கு அறுபத்தெட்டு வயதும் ஐந்து மாதமும் ஆகின்றன. சென்ற வியாழக்கிழமை காலை, மாதிரி ரயில்பெட்டி ஒன்றுக்குள் சாமான் தட்டைப் பொருத்திக்கொண்டிருந்தேன். தேவராஜின் மனைவி சுசீலா தொலைபேசியில் அழைத்தார். "டீச்சர், அவரு பூட்டாரு. டீ கேட்டாரு, எடுத்தாந்தேன், அதுக்குள்ள…" முதலில் எனக்குத் தோன்றியது, நம் மாதிரி ரயில் வட்டத்தில் இனி எனக்குப் போட்டி இல்லை என்பதே. அவரையும் என்னையும் அறிந்த வட்டத்து நண்பர்களான உங்களிடம் மழுப்புவதில் பொருளில்லை.

நான் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவள். அவர் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில், ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் இயக்கியவர். பெட்டியின் உட்புறத்தை அரை மில்லிமீட்டர் பிசகாமல் செய்வது என் வேலை. குழாய் ஓட்டை அடைக்கும் பசைமாவில் விரல் நகத்தளவு மனிதர்களைச் செய்வது அவர் வேலை.

"இன்னா டீச்சர், சீட்டு போட்டு வெச்சிக்கிறீங்க, வண்டி காலியா போவுதே?"

"முதலில் அளவு சரியாக இருக்கவேண்டும், தேவராஜ்."

"ஆளு உக்காந்தாதான் சீட்டோட அளவே தெரியும்."

அவர் சொன்னது சரி என்பதால் நான்கு நாள் அவரோடு பேசவில்லை.

பொம்மைகளை இருக்கையில் அமர்த்த நாம் எல்லோரும் முழங்காலுக்குக் கீழே வெட்டிவிடுவோம். ஜன்னலுக்குக் கீழே யார் பார்க்கப்போகிறார்கள்? தேவராஜ் மட்டும் வெட்டமாட்டார். பாதம், செருப்பு, செருப்பிலிருந்து பாதி கழன்ற குதிகால் வரை செய்வார். நான் சிரித்தேன். "ஷிஃப்ட் முடிஞ்சி கேஜ்ல ஏறி வர்றவன் மூஞ்சி பொய் சொல்லும் டீச்சர். காலு சொல்லாது" என்றார். பல்கலைக்கழகத்தில் எனக்கு எவரும் இப்படி ஒரு வாக்கியம் சொன்னதில்லை. அதற்காகவும் அவர்மேல் எரிச்சல்.

பெங்களூருக்குப் போகும் காலை வண்டியின் மூன்றாம் பெட்டியை அவர் செய்தது 1998இல். ஒரு மாதம் பயணச்சீட்டு எடுத்துப் போய்வந்து, யார் எங்கே உட்காருகிறார், யார் தூங்கி யார் தோளில் சாய்கிறார் என்று பார்த்துவைத்துக்கொண்டார். டிசம்பர் கண்காட்சியன்று காலை பெட்டியை வெளியே எடுத்தார். ஜன்னல்கள் எல்லாம் உள்பக்கம் வெள்ளையாகப் பூத்திருந்தன. கூரையை ஒட்டிய பசையின் ஆவி. பிரிக்க வழியில்லை, பிரித்தால் நொறுங்கிவிடும். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஊசியால் ஒரே ஒரு ஜன்னலை மட்டும் நெம்பி எடுத்தார். "பனி டீச்சர். டிசம்பர்ல மொத வண்டி இப்பிடித்தானே வரும்."

அந்த ஒற்றை ஜன்னலில் கண் வைத்துப் பார்க்க வரிசை வாசல்வரை நின்றது. "டேய், நம்ம சீட்டுடா! பக்கத்துல உன் தூங்குமூஞ்சிய பாரு!" என்று அந்த வண்டியில் தினமும் போகிற ஒருவர் கூவினார். பக்கத்து மேசையில் என் பெட்டி, விளக்கெல்லாம் எரிய, நின்றுகொண்டிருந்தது. "இது இன்னாம்மா, யார்டுல நிக்குதா?" என்று ஒரு பெண்மணி கேட்டுவிட்டு நகர்ந்தார். அன்று போல் நான் எவர்மீதும் பொறாமைப்பட்டதில்லை.

நேற்று சுசீலா அந்தப் பெட்டியை என்னிடம் கொண்டுவந்தார். "உங்களாண்டயே இருக்கணும்னு சொல்லிக்கினு இருந்தாரு." இனி அது என் அலமாரியில் இருக்கும். அதைவிட நல்ல பெட்டியை நான் செய்யப்போவதில்லை.

தேவராஜ் கைதேர்ந்தவர், ஆனால் அவசரக்காரர், பசை விஷயத்தில் கோட்டைவிட்டார் என்று வட்டத்தில் இன்றும் சொல்கிறீர்கள். அவர் அவசரப்படவில்லை. கண்காட்சிக்கு முந்தைய நாள் மாலை பசைக்குழாயை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "கெமிஸ்ட்ரி படிச்சவங்க நீங்க. இத்த போட்டு கூரைய மூடிடலாமா?" என்று கேட்டார். அந்தப் பசையின் ஆவி மூடிய இடத்தில் என்ன செய்யும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். "தாராளமாக மூடுங்கள்" என்றேன்.